பென்சிலுக்கு முன்னால் கீரைக்கட்டு

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 8 மாதம். ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். "எழுத உட்கார மாட்டேன் என்கிறான், வீட்டில் பழக்கிவிடுங்கள்" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். போனில் வீடியோ பார்த்து தினமும் ஒரு ஆக்டிவிட்டி தயார் செய்கிறேன். ராத்திரி உட்கார்ந்து கலர் பேப்பர் வெட்டி வைத்தால், மறுநாள் ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். 4,000 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினோம்; அது வந்த அட்டைப்பெட்டியோடுதான் விளையாடுகிறான். நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீடு வர ஆறரை ஆகும். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். "இந்த வயசுல என்ன எழுத்து, விடு கண்ணு" என்கிறார். ஆனால் பையன் இடது கையால் எதையாவது எடுத்தால் மட்டும் தட்டிவிடுகிறார். வீட்டில் நான் என்னதான் செய்வது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ராத்திரி வேலையை நிறுத்துங்கள். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்க வைத்து, அப்புறம் கத்தரிக்கோலும் பசையுமாக உட்காருவது உங்கள் உடம்புக்கும் ஆகாது, அவனுக்கும் அதில் பெரிய பலன் இல்லை. வெட்டுவது நீங்கள், மடிப்பது நீங்கள், அளவு பார்ப்பதும் எது எங்கே வரவேண்டும் என்று யோசிப்பதும் நீங்கள். விரலுக்கும் மூளைக்கும் அந்த ஆக்டிவிட்டியில் எவ்வளவு வேலை உண்டோ அவ்வளவையும் நீங்களே முடித்துவிடுகிறீர்கள். அவன் பங்குக்கு மிஞ்சுவது கடைசி இதழைப் பூவில் ஒட்டுவதுதான். அதற்கு ஐந்து நிமிடமே அதிகம். ஓடாமல் என்ன செய்வான்?

எழுதாமல் அவன் அடம்பிடிக்கிறான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டுமே வெறும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அந்த இடம் காலியாகத்தான் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில் கெட்டிப்படும். உங்கள் மகன் வயதில் பல பிள்ளைகளுக்குப் பாதிகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் வரைவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பார்த்து வரைகிற வட்டம் 3 வயதை ஒட்டி வரும். கூட்டல் குறி 4 வாக்கில். அதன்பின் சதுரம். முக்கோணம் 5 வயதில். சாய்ந்த கோடே 5 வயதில்தான் கைக்குப் பிடிபடுகிறது என்றால், சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நேர்கோடு எல்லாம் சேர்ந்து வருகிற 'அ'வை மூன்றே முக்கால் வயதுப் பையன் இரட்டைக்கோட்டுக்குள் அடக்கி எழுதவேண்டும் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

ஆக, உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்றால், "விடு" என்று விட்டுவிட்டால் கை தானாகப் பழகிவிடாது. அதற்கு வேலை கொடுக்கவேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனி என்று பலம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. தொங்குவது, ஏறுவது, பந்து எறிவது, மண்ணில் தோண்டுவது எல்லாம் எழுத்துப் பயிற்சியின் முதல் பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரல் வேலைக்கு உங்கள் அடுக்களை போதும்.

ஒரு கட்டு அரைக்கீரை வாங்குங்கள். பெரிய தட்டில் பரப்பி, அவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எதிரில் வேண்டாம், எதிரில் இருந்தால் உங்கள் கை அவனுக்கு மாறித் தெரியும். ஒரு தண்டை எடுத்து, ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலையைக் கிள்ளுங்கள். நடுவிரல் அடியில் தாங்கும். மெதுவாக, வாய் பேசாமல், நாலைந்து இலை. கையையும் பார்த்து வாயையும் கேட்டு இரண்டையும் சேர்த்து வாங்க இந்த வயதில் கஷ்டம். அப்புறம் அவனிடம் ஒரு தண்டைக் கொடுத்துவிட்டு, உங்கள் பங்கை நீங்கள் ஆய்ந்துகொண்டிருங்கள்.

முதல் நாள் முழுக்கையால் பற்றி உருவுவான். தண்டு ஒடியும், இலை கசங்கும், பாதி தரையில் கிடக்கும். "அப்படி இல்லடா, இப்படி" என்று அவன் கையைப் பிடிக்காதீர்கள். இதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும். அடுத்தடுத்த முறை கவனித்துப் பாருங்கள்: உள்ளங்கைப் பிடி தளர்ந்து, விரல் நுனிகள் மட்டும் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று விரல்கள்தான் பென்சிலைப் பிடிக்கப்போகிறவை. காம்பைப் பிடித்திருக்கிற மற்ற கையும் சும்மா இல்லை. எழுதும்போது நோட்டை நகராமல் அழுத்திப் பிடிப்பது அந்தக் கைதான். கடைசியில் அவன் ஆய்ந்த கீரை குழம்பில் போய், அவன் தட்டுக்கே வரும். வெட்டி ஒட்டிய காகிதப் பூவுக்கு அந்த மரியாதை கிடைக்காது. கீரையே தொடாத பிள்ளை தான் ஆய்ந்த கீரையை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பதும் நடக்கும். ஆனால் அதை நம்பி இதைச் செய்யவேண்டாம்.

கறிவேப்பிலை உருவுவது, பச்சைப்பட்டாணி உரிப்பது, கொத்தவரங்காய் நுனி கிள்ளுவது, பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பது எல்லாம் இதே ஜாதி வேலை. கைப்பலத்துக்குச் சப்பாத்தி மாவை விட நல்ல பொருள் கிடையாது. பிசையலாம், உருட்டலாம், பாம்பு திரிக்கலாம், தேய்க்கலாம். கடையில் விற்கிற வாசனைக் களிமண்ணை விட இது கெட்டி; அதனாலேயே நல்லது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதும், கைக்குட்டைகளைத் தாழ்வான கொடியில் போட்டு க்ளிப் மாட்டுவதும் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் ஆகும். சந்தகை (இடியாப்பம் போன்றது) பிழியும்போது மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். அந்தச் சூட்டுக்கு இன்னும் நாலைந்து வருடம் போகட்டும்.

உங்கள் கிட் டப்பாவில் மாண்டிசோரி என்று பெரிதாகப் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அது மரியா மாண்டிசோரி என்ற அம்மையாரின் பெயர். அவர் இத்தாலி நாட்டு டாக்டர். 1907-ல் ரோம் நகரில், தொழிலாளிகள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள் அவர்கள். திருப்பூருக்குப் புரியாத கதை இல்லை இது. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர் மூண்டதால் இங்கேயே தங்கநேர்ந்து, கொடைக்கானலில் சில காலம் இருந்து, 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். அவருடைய முறையில் மரக்கட்டைக்கும் மணிக்கும் முன்னால் வருவது வீட்டுவேலை: தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, பொத்தான் போடுவது, பாத்திரம் கழுவுவது. நிஜக் கண்ணாடி டம்ளர், நிஜத் துடைப்பம், பிள்ளையின் கைக்கேற்ற அளவில். 4,000 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கியதை விட முக்கியமான பகுதி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

தண்ணீர் ஊற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாம்பாளம், அதில் இரண்டு சின்ன டம்ளர், ஒரு ஸ்பஞ்சு. முதலில் ஒரு டம்ளரில் பாதி அளவுக்கு அரிசி. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. சிந்தாமல் வரத் தொடங்கியதும் தண்ணீர். சிந்தினால் ஸ்பஞ்சால் ஒற்றிப் பிழிவது அவன் வேலை. அதை நீங்கள் துடைத்துவிட்டால் பாதிப் பாடம் போயிற்று. அரை மணி நேரம் இதையே செய்வான். "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறானே, போரடிக்காதா" என்று நமக்குத்தான் தோன்றும். தினம் ஒரு புதுசு வேண்டும் என்பது வீடியோ போடுகிறவர்களின் தேவை, பிள்ளையின் தேவை இல்லை. ஒரு வாரம் முழுக்க ஒரே தாம்பாளம் இருக்கட்டும். அவன் கை அதைத் தேடாமல் விட்ட பிறகு மாற்றுங்கள்.

கோலத்தை மறந்துவிடக் கூடாது. மாவை எப்படி எடுக்கிறோம்? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் குவிந்து ஒரு சிட்டிகை. பென்சில் பிடியும் அதே குவிப்புதான். அத்தை காலையில் வாசலில் கோலம் போடும்போது, பக்கத்தில் அவனுக்கு இரண்டடி இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கோலப்பொடி தூசு கண்ணில், மூக்கில் போகும். அரிசி மாவே கொடுங்கள், எறும்பும் சாப்பிட்டுப் போகட்டும். முதலில் புள்ளி மட்டும். ஒரு புள்ளி, இடைவெளி, ஒரு புள்ளி. இடைவெளியைச் சமமாக விடுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எழுத்துக்கு எழுத்து, சொல்லுக்குச் சொல் இடம் விடுகிற கண் அங்கேதான் பழகுகிறது. புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டான் என்றால் அந்த மாதத்துக்கு அதுவே போதும். மாவு வேண்டாத நாளில் ஒரு கிண்ணம் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷும் கொடுத்து, வெயில் படுகிற சிமெண்ட் தரையில் விட்டுவிடுங்கள். வரைந்தது காய்ந்து மறையும், மறுபடி வரைவான். கழுவவேண்டிய வேலையும் இல்லை.

எண்கள் விஷயத்தில் நிறையப் பெற்றோர் ஏமாறுகிறார்கள். பிள்ளை ஒன்று முதல் ஐம்பது வரை மடமடவென்று ஒப்பிக்கும். நாலு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொன்னால் ஆறு வரை போகும். விரல் ஒரு வேகத்தில், வாய் ஒரு வேகத்தில். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது முதலில் பிடிபடவேண்டும். எண்ணி முடித்த கடைசி எண்தான் மொத்தம் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் சாப்பாட்டு நேரம் போதும். "வீட்டில் எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு தட்டு வை." அப்பாவுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, தனக்கு மறந்துவிட்டு, ஒன்று குறைகிறது என்று அவனே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள். ஐந்து புளியங்கொட்டையை நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு ஐந்தைத் தள்ளித் தள்ளி ஒரு வரிசை வைத்து எதில் அதிகம் என்று கேட்டால், நீளமான வரிசையைத்தான் காட்டுவான். பதறாதீர்கள், ஆறேழு வயதுவரை அப்படித்தான். திருத்திச் சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் அதையேதான் காட்டுவான். பல்லாங்குழி வீட்டில் இருந்தால் ஆட்ட விதியெல்லாம் இப்போது வேண்டாம். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகட்டும். 14 குழிக்கு 14 கொட்டை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளியில் முக்கால்வாசித் தண்ணீர் வைத்து, எது மிதக்கும் எது மூழ்கும் என்று பாருங்கள். ஒரு பெரிய கத்தரிக்காயையும் ஒரு சின்னக் கரண்டியையும் காட்டி, முதலில் அவனைச் சொல்லச் சொல்லுங்கள். பெரியதுதான் மூழ்கும் என்பான். போட்டுப் பார்த்தால் கத்தரிக்காய் மிதக்கும், கரண்டி அடியில் கிடக்கும். உருளைக்கிழங்கைப் போடுங்கள், அதுவும் அடியில். ஏன் என்று விளக்கம் சொல்லாதீர்கள். வீட்டில் கிடைக்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்து போடத் தொடங்குவான். உங்கள் போனை மட்டும் உயரத்தில் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். சில அங்குலத் தண்ணீரே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு நிமிடம்கூட அவனைத் தனியாக அதன் பக்கத்தில் விடக்கூடாது.

ஆபத்து என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மொச்சை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, மணி எதுவாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கும்போது மட்டும். எழுந்து போவதாக இருந்தால் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போங்கள். வாயில் மட்டுமா, மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். குன்றிமணியை விளையாடவே கொடுக்காதீர்கள். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற அதே சிவப்பு கறுப்பு மணிதான். மென்று விழுங்கினால் உயிரை எடுக்கிற விஷம். அரளி விதையும் அப்படியே. உங்கள் கிட்டில் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகிற வண்ணமணிப் பாக்கெட் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிட்டில் மீதி இருக்கிற கட்டை, வளையம் எல்லாம் நல்ல சாமான்தான். மொத்தமாகக் கொட்டாமல் இரண்டிரண்டாக வெளியே எடுத்து வையுங்கள்.

இப்போது உங்கள் அத்தை. பகல் முழுக்கப் பையன் அவரோடு இருக்கிறான்; பள்ளியை விட அவரிடம்தான் அவன் அதிகம் கற்கிறான். ஆனால் "இந்த வீடியோவில் சொல்கிற மாதிரி செய்யுங்கள்" என்று அவரிடம் போய் நிற்காதீர்கள். "அத்தை, நீங்க கீரை ஆயும்போது அவனையும் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க, சிந்துனா நான் வந்து கூட்டிக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பல பெரியவர்கள் பிள்ளையை அடுக்களைப் பக்கம் விடாததற்குக் காரணம், அப்புறம் கூட்டித் துடைக்கிற வேலை தங்கள் தலையில் விழும் என்பதுதான். வேலை செய்யும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார் இல்லையா, அது பெரிய வரம். இது சொரசொரன்னு இருக்கு, அது வழவழன்னு இருக்கு, இது முத்தல், அது பிஞ்சு. புத்தகத்தில் படம் காட்டி "இது என்ன கலர்" என்று பரீட்சை வைப்பதை விட அந்தப் பேச்சில் பிள்ளைக்குச் சொல் அதிகம் சேரும்.

இடது கை விஷயத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தக் கை என்பது பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தெளிவாகும். அதுவரை மாறி மாறி எடுப்பார்கள். தட்டிவிட்டால் கை மாறாது, அந்த வேலையே பிடிக்காமல் போகும். எழுத உட்கார மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளியிலும் யாராவது பென்சிலைக் கை மாற்றிக் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். சாப்பாட்டுக்கும் கோயிலில் விபூதி வாங்கவும் வலது கை என்று அத்தை பழக்கினால் பழக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். வரைவதற்கும் கத்தரிக்கோலுக்கும் அவன் எடுக்கிற கைதான். சாமான்களை அவனுக்கு நேர் நடுவில் வையுங்கள். எந்தக் கை நீளுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஆறரைக்கு வீடு வருகிற உங்களுக்கு என்ன வேலை? இருபது நிமிடம் போதும், அதுவும் தனியாக ஒதுக்கவேண்டாம். காய்ந்த துணியை மடிக்கும்போது சாக்ஸ் ஜோடி சேர்ப்பது அவன் பொறுப்பு. கைக்குட்டையை முனையோடு முனை சேர்த்து மடிப்பது இன்னொன்று. தூங்கும் முன் ஒரு கதை. வேறொன்றும் வேண்டாம். போனை முழுக்க நிறுத்த முடியாது என்று தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஓடியாடுவது மட்டும் 3 மணி நேரமாவது இருக்கவேண்டும். சாப்பாட்டு நேரத்துப் போனை முதலில் எடுத்துவிடுங்கள்.

எழுத்துகள் வரும். அவன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்குங்கள், அதையும் காதில். அந்த ஒலியில் தொடங்குகிற சொற்களை வண்டியில் போகும்போது மாறி மாறிச் சொல்லுங்கள். நாலு வயது தாண்டி, கூட்டல் குறி கைக்கு வந்த பிறகு, தட்டில் பரப்பிய ரவையில் விரலால் ட, ப. இரண்டும் நேர்கோடு. வளைவுகள் அப்புறம். பென்சில் வரும்போது நீளமான மெல்லிய பென்சிலைக் கொடுக்காமல், விரல் நீளத்துக்கு ஒடித்த சாக்பீஸும் கிரேயானும் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முழுக்கையால் பிடிக்க இடம் இருக்காது. விரல் நுனியில் பிடித்தே தீரவேண்டும்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, கேட்டுவிடுகிறேன். மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசுகிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? மற்ற பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் செய்வதைச் செய்ய முயல்கிறானா? மாடிப்படி ஏறுகிறானா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் கவலை வேண்டாம். ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றாலோ, முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டான் என்றாலோ, "பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க" என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தர மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பள்ளிக்கு டைரியிலேயே பதில் எழுதாதீர்கள். நேரில் போய் வகுப்பு ஆசிரியையைப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் மேலிடத்து நெருக்கடியும் அவர் தலையில் இருக்கும். சண்டை போடும் தொனி வேண்டாம். "வீட்டில் கைவேலை பழக்குகிறோம் மேடம், வட்டம் போடுகிறான், இன்னும் கூட்டல் குறி வரவில்லை, வந்ததும் எழுத்தை ஆரம்பிக்கிறோம், அதுவரை எழுதுகிற நேரத்தில் சாக்பீஸோ கிரேயானோ கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு ஆதாரமும் இருக்கிறது: மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டம், 3 முதல் 8 வயதுவரை கல்வி விளையாட்டின் வழியாகத்தான் நடக்கவேண்டும் என்கிறது. பள்ளி சி.பி.எஸ்.இ. என்றால் இதை எடுத்துச் சொல்லலாம். அதன் பிறகும் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் வந்தால், அவன் கையைப் பிடித்து இழுத்து எழுதவைக்காதீர்கள், அவனுக்காக நீங்களும் எழுதித்தராதீர்கள். அவனால் முடிந்த ஒரு வரியை மட்டும் போட்டு அப்படியே கொடுத்தனுப்புங்கள்.